ஊறலை அழித்தால் கள்ளச்சாராயம் ஒழியுமா? அல் கபோனை மாட்டவைத்த கணக்கு நோட்டு

தருமபுரி மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தப் படம் பழகிப்போன ஒன்று. மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரை, புதருக்குள் பிளாஸ்டிக் பேரல்கள், அவற்றைக் கவிழ்த்து ஊற்றும் காவலர்கள். கீழே ‘ஊறல் அழிப்பு’ என்று ஒரு வரி. அரூர் பக்கம் சித்தேரி மலையோ, பென்னாகரம் பக்கத்துக் காடோ, இடம்தான் மாறும். “புடிச்சாங்க, கொட்டினாங்க, போனாங்க. அடுத்த வாரமே மறுபடி அடுப்பு எரியுது” என்பது டீக்கடைப் பேச்சு.

இந்த மாவட்டத்துக்கு அந்த அலுப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். காரணம், சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு தொடங்கியதே இங்குதான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு அதை முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அதில் அடக்கம். கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அமெரிக்கா இதே சட்டத்தைப் போட்டுப் பார்த்து, 1933 டிசம்பரில் கைகழுவி நான்கு ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

1920 ஜனவரியில் அங்கே மது தயாரிப்பும் விற்பனையும் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டன. குடிப்பவர்கள் குறையவில்லையா என்றால், ஓரளவு குறைந்தார்கள். ஆனால் மிச்சம் இருந்த தாகம் மொத்தமும் கும்பல்களின் கைக்குப் போனது. சிகாகோவில் அல் கபோன் அப்படித்தான் வளர்ந்தார். 1929 பிப்ரவரி 14 அன்று, எதிர்க்கும்பலோடு தொடர்புடைய 7 பேர் ஒரு கேரேஜ் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். வந்த கொலையாளிகளில் சிலர் போலீஸ் சீருடையில் இருந்தார்கள். யார் செய்யச் சொன்னது என்று ஊருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கபோனோ அன்று ஃபுளோரிடாவில். அந்தக் கொலைகளுக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை.

எலியட் நெஸ் என்ற அதிகாரி சாராய ஆலைகளை உடைத்துத் தள்ளியதுதான் பின்னாளில் சினிமாவானது. ஆனால் கபோனைக் கவிழ்த்தது வேறொரு சங்கதி. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி கட்டியே ஆகவேண்டும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சல்லிவன் என்ற கள்ளச்சாராய வியாபாரியின் வழக்கு அது. அதைப் பிடித்துக்கொண்டு வருமான வரித் துறை கபோனின் பணம் போகும் வழியைத் தேடியது. 1926இல் ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றப்பட்டு, யாரும் புரட்டிப் பார்க்காமல் கிடந்த கணக்கு நோட்டு கிடைத்தது. 1931 அக்டோபரில் 11 ஆண்டு சிறை. கொலைக்காகவும் இல்லை, சாராயத்துக்காகவும் இல்லை, வரி கட்டாததற்காக.

சட்டத்தின் முதல் வார்த்தை

தமிழ்நாட்டில் ‘குண்டர் சட்டம்’ என்று எல்லோரும் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் குண்டருக்கு முன்பே, முதலாவதாக நிற்பவர் ‘பூட்லெக்கர்’, அதாவது கள்ளச்சாராயக்காரர். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய சொல். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

சொல் வந்த அளவுக்கு வேலைமுறை வரவில்லை. இங்கே கள்ளச்சாராயம் ஒரு சங்கிலி. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பவர் ஒருவர், லாரி டியூபில் கட்டிக் கீழே இறக்குபவர் ஒருவர், வீட்டு வாசலில் பாக்கெட் விற்பவர் இன்னொருவர். கேஸ் போட்டால் மாட்டுவது பெரும்பாலும் கடைசி ஆள்தான். சரக்குக்குப் பணம் போட்டவர் எங்கே என்ற கேள்விக்கு எஃப்ஐஆரில் இடமே இருப்பதில்லை.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஊறலுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது நாறும், காய்ச்சினால் புகை வரும், காட்டில் கண்ணில் படும். மெத்தனாலுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெயின்ட், தின்னர், பிசின் தொழில்களுக்கு விற்கப்படும் அந்த ரசாயனத்தில் தண்ணீர் கலந்தால் போதும், ஒரு கேனில் நூற்றுக்கணக்கான பாக்கெட். பானையை மட்டுமே துரத்தினால், பானை தேவைப்படாத விஷத்துக்கு வியாபாரம் நகரும். உடம்புக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. அமெரிக்காவிலும் ஆலைகளுக்கான ஆல்கஹாலில் அரசே சேர்க்கச் சொன்ன மெத்தனால் குடிப்பவர்களின் கோப்பைக்குப் போய்ப் பலரைக் கொன்றது.

பழைய தருமபுரி மாவட்டப் பகுதியும் இதைப் பார்த்துவிட்டது. 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. பத்தே மாதத்தில், 2008 மே மாதம், பெங்களூரு சுற்றுப்புறத்திலும் எல்லைக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக 150க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்தால் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலை மெத்தனால் என்று காவல் துறையே சொன்னது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். பலி 60ஐத் தாண்டியது. சித்தேரியை ஒட்டிய கல்வராயன் மலையில் எத்தனை ஊறல் கொட்டப்பட்டிருந்தாலும் அந்த மெத்தனால் கேன்களை அது தடுத்திருக்காது.

“டாஸ்மாக் இருக்கும்போது எதுக்குடா அதைக் குடிக்கிறான்?” என்று கேட்பவர்கள் விலைப் பலகையைப் பார்க்கலாம். அப்போது டாஸ்மாக்கில் சாதாரண குவார்ட்டரே 140 ரூபாய். பாக்கெட் அதில் பாதிகூட இல்லை. கூலி வேலை முடித்து வருகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டம் கடுமையானது. உயிர் போனால் ஆயுள் சிறை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். தண்டனையைக் கூட்டியது தவறில்லை. ஆனால் பாக்கெட் விற்கும் ஒருவரிடம் 10 லட்சத்தை எப்படி வசூலிப்பது என்பதை யாரும் விளக்கவில்லை. அந்தத் தொகை வலிக்க வேண்டிய ஆள் சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறார்.

அவரைப் பிடிக்கப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின்படியே உரிமம் வேண்டும். இருப்புக் கணக்கு எழுத வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். ஓரிரண்டு பேரல் மெத்தனாலின் விலை அந்த வரம்பை எட்டாது என்பது ஓட்டைதான். அதனால்தான் ஆலையின் நோட்டு முக்கியமாகிறது. எத்தனை பேரல் வாங்கினார்கள், அந்த மாதம் செய்த பெயின்டுக்கோ பிசினுக்கோ எவ்வளவு செலவாகியிருக்க முடியும், மிச்சம் எங்கே? மூடிக் கிடக்கும் ஆலைகளில் இதை முதலில் கேட்க வேண்டும். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவில் ஒரு கணக்காளர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது.

கள்ளக்குறிச்சி வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. கருணாபுரத்தில் விற்றவர்களைச் சம்பவம் நடந்த சில நாட்களிலேயே மாநிலப் போலீஸ் பிடித்துவிட்டது. சிபிஐ தேட வேண்டியது அந்த மெத்தனாலை முதலில் ரசீது போட்டு வாங்கிய கையை.