கொயோட்டி வேட்டைக்கு ஈயக் குண்டு எதற்கு?

மானைச் சுடும் வேட்டைக்காரர் அதன் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கொயோட்டியைச் சுடுபவர் தோலை உரித்துக்கொண்டு உடலை எறிந்துவிடுகிறார். பல நேரம் தோலைக்கூட எடுப்பதில்லை. ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட உருவம் கொண்ட இந்தக் காட்டு நாயினத்தை அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். எத்தனை சுடலாம் என்ற உச்சவரம்பும் பல இடங்களில் இல்லை. ஆட்டுக்குட்டியையும் கன்றையும் கொல்லும் விலங்கு என்பதால் பண்ணையாளர்கள் அதன்மீது இரக்கம் காட்டுவதில்லை. அந்த வேட்டை சரியா, தவறா என்பது தனி விவாதம். வேட்டை நடக்கும்வரை, அதற்குப் பயன்படும் குண்டில் ஈயம் இருக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

கொயோட்டி வேட்டைக்கு வழக்கமாக எடுத்துச்செல்வது .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கிகளை. வேட்டைக்காரர் புதருக்குள் பதுங்கி, அடிபட்ட முயலின் அலறலைப் போல ஊதலை ஊதுகிறார். இரை கிடைத்ததென்று ஓடி வரும் கொயோட்டியின் விலாவில் குண்டு பாய்கிறது. மெல்லிய செம்புத் தோலுக்குள் ஈயம் நிரப்பிய அந்தக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் போய், உடலுக்குள் நுழைந்ததும் சிதற வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. விலங்கு அந்த இடத்திலேயே விழுகிறது. ஈயம் பொடிப்பொடியாகத் தசையிலும் குடலிலும் தங்கிவிடுகிறது. அவ்வளவாகச் சிதறாத மான் வேட்டைக் குண்டுகளிலேயே நிலைமை மோசம்தான். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களின் உடல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் 15 முதல் 409 வரை உலோகத் துணுக்குகள் இருந்தன. சிதறுவதற்கென்றே செய்த குண்டு என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வயலில் விட்டுப்போன உடலுக்கு மறுநாளே விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். முதலில் அண்டங்காக்கைகள், பிறகு கழுகுகள். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்க முடியாத வெண்தலைக் கழுகுகளுக்குச் செத்த விலங்கின் உடல்தான் பெரிய ஆதாரம். ஒரு சிறு துணுக்கு ஈயம் வயிற்றுக்குள் போனால் போதும். பறவையின் கடுமையான இரைப்பை அமிலம் அதைக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். பார்வையும் சிறகின் பலமும் குன்றும். செரிமான உறுப்புகள் செயலிழக்கும். தொண்டைப் பை நிறைய இரையை வைத்துக்கொண்டே பறவை பட்டினியில் சாகும்.

2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்தது. வெண்தலைக் கழுகுகளிலும் பொன்னிறக் கழுகுகளிலும் ஏறக்குறைய பாதிக்கு நாட்பட்ட ஈய நஞ்சேற்றம் இருந்தது. உடனடி நஞ்சேற்றம் குளிர்காலத்தில்தான் உச்சம் தொட்டது. கலிஃபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகின் கதை இதைவிடக் கொடியது. 1987இல் உலகில் எஞ்சியிருந்தவை 27 பறவைகள் மட்டுமே. அவற்றையெல்லாம் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்து, 1992 முதல் மீண்டும் வானில் விட்டார்கள். இன்று 500க்கு மேல் இருக்கின்றன. ஆனால், காட்டில் விடப்பட்டவற்றின் சாவுக்கு முதன்மைக் காரணம் இன்னமும் ஈயம்தான். வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவையினத்தில், வளர்ந்த ஒரு காண்டோரின் இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்திய வாசகர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் உடல் வழியே பாறுக் கழுகுகளை ஏறக்குறைய கூண்டோடு அழித்ததை நாம் பார்த்தோம். 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்ய முடிந்ததற்குக் காரணம், மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று கையில் இருந்ததுதான். கொயோட்டி வேட்டையிலும் மாற்று கையில் இருக்கிறது.

ஈயமில்லாக் குண்டு பலிக்காது என்பார்கள். முழுக்கச் செம்பால் ஆன குண்டுகளை பார்ன்ஸ் நிறுவனம் 1989 முதலே விற்கிறது. செம்புக் குண்டு சிதறாமல் பூப்போல விரிந்து, எடை குறையாமல் ஊடுருவிச் செல்லும். சிதறும் குண்டுதான் வேண்டும் என்பவர்களுக்குச் செம்புப் பொடியையும் வெள்ளீயப் பொடியையும் அழுத்திச் செய்த 36 கிரெய்ன் எடையுள்ள 'வார்மின்ட் கிரெனேட்' இருக்கிறது. ஹார்னடி நிறுவனத்தின் 35 கிரெய்ன் என்டிஎக்ஸ் இருக்கிறது. இவையும் உள்ளே போய்ப் பொடிபடும்; ஆனால், பின்னால் வரும் கழுகுக்கு ஈயத்தை விட்டுவைக்காது.

இதில் தொழில்நுட்பச் சிக்கலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே, ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க, குழலின் உட்புறப் புரி அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். பழைய .22-250 துப்பாக்கிகள் பலவற்றில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் புரி ஓடும். அதில் 55 கிரெய்ன் செம்புக் குண்டைப் போட்டுவிட்டுக் குறி தவறுகிறது என்று குறைசொல்வதில் நியாயம் இல்லை. அந்தத் துப்பாக்கிக்கு எடை குறைந்த குண்டுதான் பொருந்தும். எடை குறைந்த குண்டு காற்றில் கூடுதலாக விலகும் என்பதும் உண்மைதான். ஆனால், ஊதல் ஊதி அழைக்கும் வேட்டையில் கொயோட்டி அருகிலேயே வந்து நிற்கிறது. 200 கஜத்துக்குள் அந்த விலகல் நல்ல வேட்டைக்காரருக்குப் பொருட்டல்ல. இரண்டு மூன்று ரகங்களை வாங்கித் தன் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறது என்று சுட்டுப் பார்ப்பது, ஈயக் குண்டு வாங்குபவரும் செய்கிற வேலைதான்.

அடுத்தது விலை. ஈயமில்லாத் தோட்டா பொதுவாகக் கூடுதல் விலைக்குத்தான் விற்கிறது. அணில் சுடும் .22 ரிம்ஃபயர் ரகத்தில் நல்ல மாற்று எளிதில் கிடைப்பதில்லை என்ற குறையும் நியாயமானது. ஆனால், கொயோட்டி வேட்டைக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. இங்கே பயன்படும் ரகங்களில் ஈயமில்லாக் குண்டுகள் பல நிறுவனங்களிடம் இருக்கின்றன. ஒரு கொயோட்டிக்குச் செலவாவது பெரும்பாலும் ஒரு தோட்டா. துப்பாக்கி, தொலைநோக்கி, எரிபொருள் செலவுக்கு முன்னால் அந்தக் கூடுதல் தொகை சொற்பம்.

மூன்றாவது, அரசியல். ஈயத் தடை என்பது துப்பாக்கி உரிமையைக் கொல்லைப்புறமாகப் பறிக்கும் சூழ்ச்சி என்கிறது தேசிய ரைஃபிள் சங்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய பால்ரஸ் குண்டுகளை அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் தடைசெய்தது. அப்போதும் இதே கூக்குரல் எழுந்தது. வாத்து வேட்டை நின்றுவிடவில்லை. துப்பாக்கியை யாரும் பறிக்கவில்லை. 1997ஆம் ஆண்டில் மட்டும் அந்தத் தடை சுமார் 14 லட்சம் வாத்துகளைக் காப்பாற்றியதாகப் பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஆனால், ரைஃபிள் குண்டு விஷயத்தில் வாஷிங்டன் தடுமாறுகிறது. தேசிய வனவுயிர் சரணாலயங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்தும் உத்தரவு, ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாளான 2017 ஜனவரி 19 அன்று வந்தது. மார்ச் மாதம் உள்துறைச் செயலராகப் பொறுப்பேற்ற ரயன் ஜின்கி செய்த முதல் வேலைகளில் ஒன்று, அதை ரத்து செய்தது. 1976ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டமும் தோட்டாக்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. எனவே, பொறுப்பு மாநிலங்களின் தலையில்தான் விழுகிறது.

கலிஃபோர்னியா வழிகாட்டியிருக்கிறது. காண்டோர் வாழும் பகுதியில் பெருவிலங்கு வேட்டைக்கும் கொயோட்டி வேட்டைக்கும் ஈயம் கூடாது என்ற சட்டம் அங்கே 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கொயோட்டியைப் பெயர் சொல்லிச் சேர்த்ததுதான் அந்தச் சட்டத்தின் தெளிவு. 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் எந்தக் காட்டு விலங்கைச் சுடவும் ஈயம் கூடாது. இருந்தும் காண்டோர்கள் அங்கே ஈயத்தால் சாகின்றன என்பது, சட்டம் மட்டும் போதாது என்பதையும் காட்டுகிறது. அரிசோனா வேறு வழியில் போனது. அங்கே காண்டோர் பகுதியில் வேட்டை அனுமதி பெறுபவர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத் தோட்டாவை அரசே இலவசமாகத் தருகிறது; பெரும்பான்மையோர் தாமாகவே மாறினார்கள். வட கலிஃபோர்னியாவின் யூரோக் பழங்குடியினர் 2022இல் தங்கள் மண்ணில் காண்டோர்களை மீண்டும் பறக்கவிட்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தங்கள் வேட்டைக்காரர்களிடம் பேசி ஈயத்தைக் கைவிடச் செய்தார்கள்.

சட்டம், ஊக்கம் என்ற இரண்டு வழிகளையும் இணைக்க வேண்டும். கழுகுகள் குளிர்காலத்தைக் கழிக்கும் மாநிலங்கள் முதலில் கொயோட்டி வேட்டைக்கு ஈயத்தைத் தடைசெய்யட்டும். மாறுவதற்கு ஓரிரு ஆண்டு அவகாசம் கொடுக்கட்டும். அந்த அவகாசத்தில் தோட்டாவின் கூடுதல் விலையை அரசு ஏற்கட்டும். அதற்குப் பணமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, விற்கும் தோட்டாக்கள்மீது வசூலாகும் 11 சதவீத வரி வனவுயிர்ப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குத்தான் போகிறது. அது வேட்டைக்காரர்களின் பணம். அதில் ஒரு பங்கை அவர்கள் கையில் இருக்கும் தோட்டாவை மாற்றச் செலவிடுவதைவிட நேர்மையான பயன் எது?

மான் வேட்டைக்காரர், "என் இறைச்சி, என் பாடு" என்று வாதாடலாம். கொயோட்டி வேட்டைக்காரருக்கு அந்த வாதமும் இல்லை. அவர் விட்டுப்போகும் உடலை உண்பது அவர் அல்ல. அதில் கலந்திருக்கும் நஞ்சைத் தேர்ந்தெடுத்தவர் மட்டும் அவர்தான். காட்டின் காவலர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு வேட்டைக்காரரும், சட்டம் வரும்வரை காத்திராமல், அடுத்த பெட்டித் தோட்டாவை ஈயமில்லாததாக வாங்க வேண்டும்.