கழுவுகிறவளின் கையெழுத்து

ஆமத்தூர் வீட்டுத் திண்ணையில் அம்மா இப்போதும் தீப்பெட்டி ஒட்டுகிறாள். அட்டை இல்லை, பசை இல்லை. விரல்கள் மட்டும் மடிக்கின்றன, ஒட்டுகின்றன, ஓரமாக அடுக்குகின்றன. என் பெயர் அவளுக்கு மறந்து மூன்று வருடமாகிறது.

மறதிநோய்க்கான மருந்துச் சோதனையில் அவளைச் சேர்க்கலாமா என்று ஒரு மருத்துவமனையில் கேட்டார்கள். அண்ணன் வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். நானும் தொலைபேசியில் "சேத்துருவோம்ணே" என்றேன். மேடைதோறும் பெண்ணியம் பேசுகிற நான்தான். அம்மாவுக்காகப் பட்டாசு ஆலை வேலையை விட்டுவிட்டு, குளிப்பாட்டி, சோறூட்டி, பீ மூத்திரம் அள்ளி, இரவெல்லாம் காவல் இருக்கிற மதினியை நாங்கள் இருவருமே கேட்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

இத்தகைய சோதனைகளுக்கு நோயாளியோடு வந்து பதில் சொல்ல ஒருவர் வேண்டும். தூங்கினாரா, சாப்பிட்டாரா, வழி தவறினாரா? எல்லாம் பராமரிப்பவர் வாயிலிருந்தே ஏட்டில் ஏறுகிறது. மதினியின் பதில் அறிவியலுக்குத் தரவு. மதினியின் முடிவு மட்டும் யாருக்கும் வேண்டாம்.

2019ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிகள், ஒப்புதல் தர இயலாதவருக்காகச் சட்டப்படியான பிரதிநிதி கையெழுத்திடலாம் என்கின்றன. குடும்பத்தில் அது யார் என்று வரிசைப்படுத்தவில்லை. சட்டம் விட்ட இடத்தில் வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொள்ளி வைக்கிறவனே கையெழுத்தும் வைக்கிறான்.

பிறர் போட்ட கையெழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009இல் கம்மம் மாவட்டம் சாட்சி. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமிகளின் ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கண்டித்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. ஒப்புதல் தர இயலாதவர் எதிர்ப்புக் காட்டாதபோதும், ஆய்வுக்கு மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அதன் 99ஆம் பிரிவு. எதிர்ப்பு என்றால் என்ன? மருத்துவமனைக்குக் கிளம்பும் நாளில் அம்மா வாயை இறுக மூடித் தூணைக் கட்டிக்கொள்கிறாள். நோயின் பிடிவாதம் என்றார் அண்ணன். எனக்குத் தெரியவில்லை. மதினிக்குத் தெரிந்திருந்தது: "ரத்தம் எடுத்த நாள்லருந்துதான் அத்தை இப்படிப் பண்றாக."

சோதனையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். சோதிக்காமல் மருந்து வராது. 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயது தாண்டிய சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய். பெண்களில் 9 சதவீதம், ஆண்களில் 5.8. பெண்களை அதிகம் பிடிக்கிற நோய், பெண்களே சுமக்கிற நோய். அதன் மருந்தைப் பற்றிய முடிவு மட்டும் எப்படி ஆண்களுடையதானது?

நான் கேட்பவை மூன்று. பராமரிக்கிறவர் ஒப்பாமல் எந்தக் கையெழுத்தும் செல்லக்கூடாது. அவருடைய நாட்களுக்குக் கூலி தரவேண்டும். நோயாளியின் மூடிய வாயும் ஒரு சொல் என்று ஏட்டில் எழுதவேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை விதிகளில் இருக்கிறது. போன வாரம் மதினியிடம் கேட்டேன், "நீங்க என்ன சொல்றீங்க மதினி?" வெகுநேரம் பேச்சில்லை. "இம்புட்டு நாள் கழிச்சுக் கேக்கீகளே" என்றார்.

அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அடுத்த கையெழுத்து மதினியுடையது, சேர்வதானாலும் விலகுவதானாலும்.