எந்நேரமும் அசதியா? ரத்தசோகை மட்டுமே காரணமில்லை!

"என்னன்னே தெரியல, எந்நேரமும் அசதியாவே இருக்கு." நெல்லும் கரும்பும் விளையும் முகையூர் பக்கத்துக் கிராமங்களில் இப்படிச் சொல்லும் பெண்ணுக்கு உடனே கிடைக்கும் பதில், "ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு" என்பதுதான். நம் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம் என்பது உண்மை. ஆனால், இதே அசதிக்குத் தைராய்டு குறைபாடும் காரணமாக இருக்கலாம்.

சென்னை உள்பட 8 இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் சுமார் 11 சதவிகிதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பரிசோதனை செய்யும்வரை அது தெரியவே தெரியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கே பாதிப்பு அதிகம்.

கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பிதான் தைராய்டு. உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது சுரக்கும் ஹார்மோன்தான். சுரப்பு குறைந்தால் எல்லாமே மெதுவாகும். இதயத்துடிப்பு குறையும். மலச்சிக்கல் வரும். தோல் வறளும், முடி கொட்டும், முகம் உப்பும், குரல் கரகரக்கும். மற்றவர்களுக்குப் புழுங்கும்போது இவர்களுக்குக் குளிரும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். மறதி, மனச்சோர்வு, கொலஸ்ட்ரால் உயர்வு ஆகியவையும் வரலாம். ஒவ்வொன்றும் மெதுவாக வருவதால், "வயசாகுது" என்று விட்டுவிடுகிறோம்.

கடல் உப்பு போதுமா?

மரக்காணம் உப்பளங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. "கடல் உப்புல அயோடின் இருக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அதில் மிஞ்சும் அயோடின் மிகவும் சொற்பம். அதனால்தான் தனியாகக் கலக்கிறார்கள். அயோடின் கலக்காத உப்பைச் சமையலுக்கு விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. கல் உப்பு வாங்கினாலும் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிட்டால் தைராய்டு குணமாகாது. இன்று பலருக்கும் இந்தக் குறைபாடு வருவது, உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால்தான். 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரிலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது.

மாத்திரையை எப்படிப் போடுவது?

டி.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையே குறைபாட்டைக் காட்டிவிடும். சிகிச்சை, தினமும் ஒரு தைராக்ஸின் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ, டிபன் எல்லாம்.

பலர் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்ஸின் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டு மாத்திரைகளும் தருவார்கள். எல்லாவற்றையும் காலையிலேயே சேர்த்துப் போட்டுவிட்டால் தைராய்டு மாத்திரையின் பலன் குறைந்துவிடும்.

முதல் சில மாதங்களில் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் உறுதியானதும் டாக்டரைப் பாருங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரங்களில் மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

அசதி வாரக்கணக்கில் நீடித்தால், அடுத்த முறை ஹீமோகுளோபின் பார்க்க ரத்தம் கொடுக்கும்போது, "தைராய்டும் பார்க்கலாமா டாக்டர்?" என்று மறக்காமல் கேளுங்கள்.