கண்ணகியின் மனுவும் ஷிமேனின் மனுவும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்குக் கொர்னெய் எழுதிய 'லெ சித்' நாடகம் நினைவிருக்கும். 1637-இல் பாரிஸில் அரங்கேறியது. தமிழ் வகுப்பில் சிலப்பதிகாரம் படித்தோம். இரண்டிலும் ஒரு பெண் அரசன் முன் நின்று நீதி கேட்கிறாள். யாருடைய வாதம் பெரிது என்று இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன்.

ஷிமேனின் தந்தையைக் கொன்றவன் ரொத்ரீக், அவள் நேசித்தவன். அவள் சிந்திய ரத்தத்தைக் காட்டிப் பேசுகிறாள். ரொத்ரீக்கின் தந்தை தன் நரைமுடியைக் காட்டி, தண்டனையைத் தனக்கே கொடுக்கச் சொல்கிறார். இரண்டும் உருக்கமான பேச்சுதான். கொன்றது யார் என்பதில் அங்கே சண்டையில்லை. எந்தக் கண்ணீர் கனம் என்பதே கேள்வி. அரசன் ஆலோசித்துச் சொல்வதாகத் தள்ளி வைக்கிறான். நம் அலுவலக மொழியில், "பரிசீலனையில் உள்ளது".

வழக்குரை காதையில் நடப்பது வேறு. முப்பது வருடத்துக்கு மேல் மனுக்களைப் படித்த குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன், கண்ணகியுடையது இலக்கணமான மனு. புறாவுக்காகத் தன்னையே தந்தவனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் முதலில் நினைவூட்டுகிறாள். பிறகு ஊர் புகார், மாமனார் மாசாத்துவான், கணவன் கோவலன், வந்த காரியம் சிலம்பு விற்பது, தன் பெயர் கண்ணகி. எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். கொள்கையளவில் அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அவன் கள்வன்தானா என்பதல்லவா வழக்கு? எது நிரூபிக்கப்பட வேண்டுமோ அதையே ஆதாரமாக வைத்துப் பேசுகிறான். பொற்கொல்லன் சொல்லைத் தவிர விசாரணை எதுவும் நடக்கவில்லை.

கண்ணகி கொள்கைச் சண்டைக்குப் போகவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்று ஒப்புக்கொண்டு, கோவலனிடம் பறித்த சிலம்பை அரசனே வரவழைக்கிறான். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. வழக்கு முடிந்தது.

அவள் கோபத்தைத்தான் மேடைகளில் புகழ்கிறோம். என் கருத்து, வென்றது அந்தப் பரல் பற்றிய ஒரு சொல். அது இல்லாவிட்டால் அவள் மனுவும் ஷிமேனுடையதைப் போலக் கிடப்பில் போயிருக்கும். எதிராளி கேட்ட சாட்சியத்தைத் தானே கொண்டுவரச் சொன்ன பாண்டியனுக்கும் அந்த நேர்மையில் பங்குண்டு.

நம் கொடைக்கானலிலேயே இதைப் பார்த்தோம். தெர்மாமீட்டர் தொழிற்சாலை பற்றிய பேச்சை அசைத்தது, 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்த பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள். அந்த வருடமே ஆலை நின்றது. 2003-இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உடல்நலக் கேடு நிரூபணமாகவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் செய்துகொண்டது. பதினைந்து வருடம் ஆயிற்று. சிலம்பு உடைந்தாலும், உடனே தலைகுனிகிற பாண்டியன் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஆகவே பென்ஷனுக்கோ பட்டாவுக்கோ திங்கட்கிழமை மனு எடுத்துப் போகும் நண்பர்களே, வேதனையை நான்கு வரியில் எழுதுங்கள். தேதி, எண், ரசீதின் நகல் இவற்றைத் தவறாமல் இணையுங்கள். அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.