ஜட்ஜ் ஐயாவுக்கு ஓட்டுப் போடுங்க!

தெருமுனையில் பெயர்ப் பலகை, கையில் நோட்டீஸ், மேடையில் பேச்சு. வேட்பாளர் கவுன்சிலரோ எம்.எல்.ஏ-வோ இல்லை, கிரிமினல் கோர்ட் நீதிபதி! அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இது சர்வசாதாரணம். அங்கே நீதிபதிகள் கட்சி சார்பில் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். நாலு வருஷம் முடிந்ததும் மறுபடி மக்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

'நல்லதுதானே, தப்பு செய்தால் தூக்கிவிடலாமே' என்று தோன்றுகிறதா? ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் நடந்ததைப் பார்ப்போம்.

அங்கே சிறு குற்ற வழக்குகளுக்கென்றே 16 நீதிமன்றங்கள் இருக்கின்றன. அதிகபட்சத் தண்டனையே ஓராண்டு சிறைதான். ஆனால், அப்போது கைதானதும் ஜாமீன் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடிந்தவர் வீட்டுக்கு, முடியாதவர் ஜெயிலுக்கு. 2016-ல், செல்லாத லைசென்ஸுடன் கார் ஓட்டியதாகக் கைதான ஓர் இளம் தாயிடம் 2,500 டாலர் ஜாமீன் கேட்டார்கள். அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. வழக்கு தொடர்ந்தார். 'பணம் இல்லை என்பதற்காக மட்டுமே ஏழைகளை அடைத்துவைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது' என்று 2017-ல் ஃபெடரல் நீதிபதி லீ ரோசென்தால் தீர்ப்பளித்தார்.

உள்ளூர் நீதிபதிகளில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்காரர்கள். தீர்ப்பை ஏற்காமல் அப்பீலுக்குப் போனார்கள். அந்தக் கட்சியிலிருந்தே ஒருவர் மட்டும், மைக் ஃபீல்ட்ஸ், மனம் மாறி அப்பீலிலிருந்து விலகினார்.

2018 நவம்பரில் தேர்தல். அந்த 16 நீதிமன்றங்களில் ஒரு குடியரசுக் கட்சி நீதிபதிகூட மிஞ்சவில்லை. புதிதாக வந்த ஜனநாயகக் கட்சி நீதிபதிகள் 2019-லேயே விதியை மாற்றினார்கள். சிறு குற்றத்தில் கைதாகும் பெரும்பாலானவர்கள் பணம் கட்டாமலே வெளியே வர வழி பிறந்தது. வழக்கும் சமரசத்தில் முடிந்தது. ஓட்டின் பலம் இது!

ஆனால், மனம் மாறிய மைக் ஃபீல்ட்ஸ்? அவரும் தோற்றார்.

ஏன்? ஹாரிஸ் கவுன்டியில் 45 லட்சத்துக்கும் மேல் மக்கள். வாக்குச்சீட்டிலோ நீதிபதி பதவிகள் மட்டுமே டஜன் கணக்கில். யார் எந்த வழக்கில் எப்படி நடந்துகொண்டார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே பொத்தானில் ஒரு கட்சியின் அத்தனை வேட்பாளர்களுக்கும் ஓட்டுப் போடும் வசதியும் அப்போது இருந்தது. கட்சி அலை அடித்தது. நல்லது செய்தவர், செய்யாதவர் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. 2020 தேர்தல் முதல் அந்த வசதி டெக்சாஸில் இல்லை. நீளமான வாக்குச்சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பென்சில்வேனியா மாநில நீதிபதிகளின் தண்டனைகளை ஆராய்ந்து கிரிகோரி ஹூபர், சான்ஃபோர்ட் கோர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்தல் நெருங்க நெருங்கத் தண்டனைகள் கடுமையாகின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே குற்றம்தான். ஆனால், தேர்தல் முடிந்த கையோடு கூண்டில் ஏறுபவருக்கு ஒரு கணக்கு, பிரசார நேரத்தில் ஏறுபவருக்கு வேறு கணக்கு என்றால், அதை எப்படி நியாயம் என்பது?

பயம் புரிகிறது. ஜாமீனில் விட்ட ஒருவர் வெளியே வந்து குற்றம் செய்தால், அது எதிராளியின் பிரசாரத்தில் ஏறிவிடும். தேவையில்லாமல் ஜெயிலில் வைத்து, அதனால் வேலையை இழந்த ஒருவரின் கதை எந்த பிரசாரத்திலும் வராது. 2022 தேர்தலில் ஹாரிஸ் கவுன்டியில் அதே ஜாமீன் மாற்றமே நீதிபதிகளுக்கு எதிரான ஆயுதமானது.

ஆகவே, மறுபடி ஓட்டு கேட்டு வரும் நீதிபதியிடம் அந்த ஊர் மக்கள் கேட்க வேண்டியது, 'நீங்கள் எந்தக் கட்சி, எத்தனை பேரை உள்ளே தள்ளினீர்கள்' என்பதை அல்ல. 'கையில் காசில்லாமல் உங்கள் முன்னால் நின்றவரை எப்படி நடத்தினீர்கள்' என்பதைத்தான். அதைக் கேட்காமல் போடும் ஓட்டு, விசாரிக்காமல் எழுதும் தீர்ப்பு மாதிரிதான்!