கார் நம்முது, சாவி யாருது?

பழைய கார் பார்க்கிற மெக்கானிக் ஷெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். கிரீஸ் படிந்த ஒரு லேப்டாப் இருக்கும். பேட்டரி செத்திருக்கும், திரையில் விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2014 ஏப்ரலிலேயே கருமாதி செய்துவிட்டது. ஆனால் அண்ணன் தூக்கிப் போட மாட்டார். இம்மொபிலைசரில் புதுச் சாவியைப் பதிகிற சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும்.

இம்மொபிலைசர் தெரியாதவர்களுக்கு: சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். சாவித் துளையைச் சுற்றியுள்ள சுருள் அதை விசாரிக்கும். பதில் தப்பு என்றால் எஞ்சின் கிளம்பாது. நல்ல விஷயம்தான், ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்குக் கட்டாயம். என் சண்டை பூட்டோடு இல்லை, பூட்டு செய்தவனோடு.

"புது லேப்டாப்பில் போட வேண்டியதுதானே?" என்பீர்கள். 64-பிட் விண்டோஸ் பழைய 16-பிட் புரோகிராமைத் திறக்கவே திறக்காது. கையெழுத்தில்லாத டிரைவரையும் உள்ளே விடாது. சீரியல் போர்ட்டும் இல்லை. யூ.எஸ்.பி. அடாப்டர் மாட்டலாம். ஆனால் கே-லைன் உள்ள பல பழைய கார்களை வினாடிக்கு 5 பிட் என்று ஆமை வேகத்தில் தட்டி எழுப்பினால்தான் பேசும். மலிவு அடாப்டரும் விர்ச்சுவல் மெஷினும் அந்தத் தாளத்தைக் கெடுத்துவிடும். பாதியில் தொடர்பு அறுந்தால் புதுச் சாவிக்கு ஆசைப்பட்டு இருக்கிற சாவியும் போகலாம் :-(

எங்கள் வரிப் பாடத்தில் காருக்குத் தேய்மானம் 15%, கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் 40%. இரண்டுக்கும் ஆயுசு வேறு என்று வரித்துறைக்கே தெரிந்திருக்கிறது. ஆர்.சி. 15 வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். அதை நம்பிக் காரை வாங்குகிறவன் தலையில், அதற்கு முன்பே செத்துப்போகிற சாஃப்ட்வேரையும் சேர்த்துக் கட்டுவது என்ன வியாபாரம்?

கேட்டால் பாதுகாப்பாம். வெளியே கொடுத்தால் திருடன் கைக்குப் போய்விடுமாம். அடப் போங்கப்பா! மெகாமோஸ் சிப்பின் ஓட்டைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட விடாமல் 2013-ல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் கோர்ட்டில் தடை வாங்கியது. 2015-ல்தான் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், 2009 முதல் இணையத்தில் கிடைத்த ஒரு சாவி புரோகிராமிங் சாஃப்ட்வேரைப் பிரித்துத்தான் ஆய்வாளர்கள் அந்த ரகசியத்தை எடுத்திருந்தார்கள். திருடனுக்கு அது கடைச் சரக்கு. நியாயமான மெக்கானிக்குக்குத்தான் ரகசியம். அவர் என்ன செய்வார்? எங்கிருந்தோ கிராக் பண்ணிய காப்பியை வைரஸோடு இறக்குகிறார். இதுதான் பாதுகாப்பா?

ஆளைச் சரிபார்த்துக் கொடுக்க வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் நாஸ்ட்ஃப் என்ற அமைப்பில் அடையாளம் சோதித்துப் பதிவு செய்யப்பட்ட பூட்டுக்காரர்கள் கம்பெனிகளிடமிருந்து சாவிக் குறியீட்டை வாங்க முடிகிறது. யார், எந்தக் காருக்கு வாங்கினார் என்ற கணக்கும் இருக்கிறது.

இங்கே 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் பூட்டி வைத்ததற்குத்தான் (பிறகு மேல்முறையீடு, இழுபறி, வழக்கமான கதை). 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் கார்களும் உண்டு. அதில் சர்வீஸ் சென்டர் போன் நம்பர் போட்டால் போதாது. கார் விற்றவன் அதன் ஆர்.சி. முடியும்வரை சாவி சாஃப்ட்வேரை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி வைத்திருக்க வேண்டும். முடியாதா? அதன் நெறிமுறையை அடையாளம் சரிபார்த்த மெக்கானிக்குகளிடம் கொடுத்துவிடட்டும். ஓட வைக்கிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.