116-ம் நம்பர் பஸ்ஸில் பாட்டிக்கு இடம் உண்டா?

கடலில் மிதக்கும் ஓர் ஊரைப் பார்க்கலாமா?

சொகுசுக் கப்பலைத்தான் சொல்கிறேன். 'சிம்பொனி ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல், 2018-ல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தில் இருந்துதான் தன் பயணங்களைத் தொடங்கியது. நீளம் 361 மீட்டர். நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயிலில் 15 பெட்டிகளைக் கோத்தால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு! மொத்தம் 18 மாடிகள். பயணிகள் மட்டும் 6,600 பேருக்கு மேல் ஏறலாம். அவர்களைக் கவனிக்க 2,200 ஊழியர்கள். உள்ளே தியேட்டர், பனிச்சறுக்கு அரங்கம், நீச்சல் குளங்கள், நிஜச் செடிகொடிகளோடு ஒரு பூங்கா என்று ஒரு குட்டி நகரமே இருக்கிறது. சாப்பாட்டுக் காசு பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். அதனால் எத்தனை தட்டு இட்டு நிரப்பினாலும் யாரும் பில்லை நீட்ட மாட்டார்கள்.

ராத்திரி நீங்கள் தூங்கும்போது கப்பல் ஓடும். காலையில் திரையை விலக்கினால் புது ஊர்! பெட்டி கட்ட வேண்டாம், ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம். இப்படி ஒரு பயணம் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன்!

ஆனால், கப்பலுக்குள் இருந்து பார்ப்பதை ஒரு நிமிடம் நிறுத்துவோம். கரையில் இருக்கிறவர்கள் பக்கம் போய் நின்று பார்ப்போம், வாங்க.

காலை எட்டு மணி. பார்சிலோனா துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. சில நாட்களில் ஒன்றல்ல, நான்கைந்து கப்பல்கள் வந்து நிற்கும். ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் இறங்குகிறார்கள். பஸ்கள் அவர்களைக் கொலம்பஸ் சிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகின்றன. 1888-ல் வைத்த சிலை அது. உயரம் 60 மீட்டர். (அவர் நீட்டும் விரல் அமெரிக்கா இருக்கும் திசையைக் காட்டவில்லை, மத்தியதரைக் கடல் பக்கம் காட்டுகிறது. இது அந்த ஊரில் பழைய ஜோக்!)

மாலை ஐந்தரைக்குள் திரும்பியாக வேண்டும். தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. அதனால் எல்லோருக்கும் ஓட்டம்தான். ரம்ப்லா என்ற புகழ்பெற்ற வீதியில் ஒரு நடை. 'சக்ராதா ஃபமீலியா' தேவாலயத்தின் முன்னால் ஒரு போட்டோ. 1882-ல் கட்ட ஆரம்பித்த கட்டடம் அது. அதற்கு உயிர் கொடுத்த சிற்பி கவுதி 1926-ல் இறந்த பிறகும் வேலை தொடர்ந்தது. 2025 அக்டோபரில்தான் அது உலகத்திலேயே உயரமான தேவாலயம் ஆனது. 140 வருடங்களுக்கு மேல் கட்டியதைப் பார்க்க இவர்களிடம் இருப்பது இருபது நிமிடம்! அப்புறம் குவெல் பூங்கா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பலர் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டதே!

இப்போது கணக்குப் பார்ப்போம். பார்சிலோனாவின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். 2024-ல் அந்தத் துறைமுகத்தில் ஏறியவர், இறங்கியவர், வந்து போனவர் என எல்லாம் சேர்த்துக் கப்பல் பயணிகளின் கணக்கு 36 லட்சத்தைத் தாண்டியது.

குவெல் பூங்கா ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அந்தப் பக்கம் 116 என்ற எண்ணில் ஒரு சின்ன பஸ் ஓடுகிறது. காய்கறிப் பையோடு வீட்டுக்குத் திரும்பும் பாட்டி, கைத்தடி ஊன்றிய தாத்தா என்று அந்தப் பேட்டைக்காரர்களுக்காக விட்ட பஸ் அது. ஆனால் போன் மேப்பைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் எல்லாம் அதில் ஏறிவிட்டார்கள். பாட்டிக்கு இடமில்லை! கடைசியில் நகரசபை என்ன செய்தது தெரியுமா? 2024-ல் அந்த வழித்தடத்தைக் கூகுள் மேப்பில் இருந்தே எடுக்க வைத்துவிட்டது. பஸ் ஓடுகிறது, ஆனால் மேப்பில் இல்லை! ஒரு ஊர் தன் பஸ்ஸையே ஒளித்து வைக்க வேண்டிய நிலை.

பொக்கேரியா என்ற காய்கறிச் சந்தையிலும் இதே கதைதான். மீன் வாங்க வந்த உள்ளூர்க்காரர்கள், போட்டோ எடுக்கும் கும்பலைத் தாண்டிக் கடைக்குப் போக முடியவில்லை. 2015-ல், கூட்டம் அதிகமான நேரங்களில் 15 பேருக்கு மேல் குழுவாக உள்ளே வரக் கூடாது என்று விதி போட்டார்கள்.

2024 ஜூலையில் கோபம் தெருவுக்கே வந்துவிட்டது. ஊர்வலம் போனவர்களில் சிலர், ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வந்த விருந்தாளிமேல் தண்ணீர் அடிப்பது என்ன மரியாதை? அவர்களுடைய பெரிய கவலை வீட்டு வாடகை. அதற்குக் கப்பல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தூங்குவது கப்பலில்தானே! டாக்சிக்காரர், வழிகாட்டி, பொம்மை விற்பவர் என்று பயணிகளை நம்பிப் பிழைப்பவர்களும் நிறைய.

இருந்தாலும் நான் அந்தப் பாட்டி பக்கம்தான். பயணிக்கு அது ஒரு நாள் வேடிக்கை. பாட்டிக்கு அது வீடு. 2025-ல் நகரசபையும் துறைமுகமும் ஒரு முடிவு எடுத்தன. கப்பல் பயணிகளுக்கான ஏழு முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்கப் போகிறார்கள். நல்ல முடிவு. இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்பேன்.

சரி, நீங்கள் பெரியவர்களாகி அங்கே இறங்கினால் என்ன செய்யலாம்? எட்டு இடத்தை விட்டுவிட்டு ஒரே ஓர் இடம் பாருங்கள். மத்தியானம் அங்கேயே சாப்பிடுங்கள். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவித் தருவார்கள். அவ்வளவுதான், அமிர்தம்! கடைக்காரரிடம் 'பொன் தியா' என்று சொல்லிப் பாருங்கள். காலை வணக்கம் என்று அர்த்தம். அது ஸ்பானிஷ் மொழி அல்ல, அந்த மண்ணின் கத்தலான் மொழி. தன் மொழியை வெளியூர்க்காரர் வாயில் கேட்டால் யாருக்கும் முகம் மலரும், இல்லையா? அப்புறம், கிராசியா என்ற பேட்டையின் சின்னச் சதுக்கம் ஒன்றில், மரத்தடியில் சும்மா உட்காருங்கள். (ஆறாயிரம் பேரும் அங்கேயே போய் உட்கார்ந்தால்? அதுவும் வம்புதான்! அதற்குத்தான் கப்பல்களைக் குறைக்கச் சொல்கிறேன்.)

இன்னொரு வேடிக்கை சொல்லட்டுமா? ஸ்பெயின்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதே இரண்டு மணிக்கு மேல். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு ஒன்பது தாண்டிவிடும். அப்போதுதான் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, குழந்தைகள் எல்லோரும் தெருவில் இறங்குவார்கள். பந்து விளையாட்டும் அரட்டையும் ராத்திரிச் சாப்பாடும் களைகட்டும்.

அந்த நேரத்தில் கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும். பயணிகள் சாப்பிட்டு முடித்து, நாளை காலை இறங்கப்போகும் ஊரில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள்.